அரைப் பேர்

பொகவந்தலாவை மேற்பிரிவு ஸ்டோரில்
மூன்றாம் ரோலரின் இரும்புக் காலில்
ஒரு பட்டையைக் கவ்வ வைத்திருக்கிறேன்.
ஆள்காட்டி விரல் நீளம். வளைந்தால் மின்சாரம் தரும்.
நுனியில் பாரத்துக்கு இரண்டு ரூபாய்க் குற்றி.
மைக்ரோவாட்டில் எண்ண வேண்டிய சம்பளம் அதற்கு.
சேர்த்துவைத்து, சேர்த்துவைத்து
ஒரு சிவப்பு விளக்கு கண் சிமிட்ட வேண்டும்,
புளிக்கப் போட்ட கொழுந்தின் சூட்டைச் சொல்ல வேண்டும்,
பற்றரி இல்லாமல். இவ்வளவுதான் வேலை.

பேராதனை மேசையில் அது ஒழுங்கான பிள்ளை.
செக்கனுக்கு இருபத்துநான்கு என்றால்
இருபத்துநான்கில் துள்ளும்.
இங்கே மழைக்கொழுந்து வந்து விழுந்ததும்
பெல்ட் வழுக்கி, மோட்டர் முனகி
இருபத்திரண்டரைக்கு இறங்குகிறது எல்லாம்.
பட்டை, வேறு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பதுபோல்
சும்மா நிற்கிறது.

"ரோதைமுனிக்குச் சொல்லாம பூட்டிட்டீங்க" என்கிறார்
ரோலர்க்கார யோகராசா.
சிரிக்கவில்லை.

ஆகவே காந்தங்கள்.
குற்றிக்குக் கீழே இடப்புறம் ஒன்று, வலப்புறம் ஒன்று.
இனி நடுவில் நிற்க அதற்கு இடமில்லை.
நடு என்பது இப்போது ஒரு மேட்டின் முதுகு,
இரு பக்கமும் பள்ளம்.
தாவக் கற்றுக்கொண்டால்
வேகம் கூடினாலும் குறைந்தாலும் தாவும்,
கணக்கு அப்படித்தான் சொன்னது.
மூன்று நாள் அது இடப்பள்ளத்திலேயே கிடந்து
காய்ச்சல்காரனைப் போல் நடுங்கியது.
நடுக்கத்துக்குக் கூலி இல்லை.

நாலாம் நாள் பின்னேரம்
நிறுவைக் கொட்டிலில் ஒதுங்கி நின்றேன், மழைக்கு.
தவமலரின் சாக்கு கொக்கியில் ஆடி அடங்கியது.
தண்ணீருக்குக் கழித்துப் பதினேழே முக்கால்.
"அரைப் பேர்" என்றார் கணக்கப்பிள்ளை, நிமிராமல்.
பதினெட்டு என்றால் முழுப் பேர்.
கால் கிலோ. ஒரு மடியின் விளிம்பு.
அதற்குள் அரை நாள் இருந்தது.
அவள் சாக்கை உதறி மடித்தாள்.
நாலைந்து இலை விழுந்தது.
பார்த்துக்கொண்டே நின்றாள், பொறுக்கவில்லை.

நேர்கோட்டில் அடங்காதது எது என்று
எனக்கு நாலு வருடம் பலகையில் வரைந்து காட்டினார்கள்.
இந்தத் தராசைக் காட்டியிருக்கலாம்.

அன்றிரவே காந்தங்களை
ஒன்றரை மில்லிமீட்டர் கீழே இறக்கினேன்.
மேடு தணிந்திருக்க வேண்டும்.
ஆனாலும் அதே நடுக்கம்.
எண்ணெய்த் துணியோடு போகிற போக்கில் யோகராசா
கேரம் காயைப்போல் குற்றியைச் சுண்டிவிட்டார்.

டக்.
வலம். டக். இடம். டக் டக் டக்
நிற்கவில்லை.
அதே ரோலர், அதே வேகம், அதே இரும்பு.
ஒரே அதிர்வுக்குள் இரண்டு வாழ்க்கை இருந்திருக்கிறது:
பள்ளத்துக்குள் நடுங்கிக் கிடப்பது,
மேட்டைத் தாண்டித் தாண்டிப் போவது.
எது வாய்க்கும் என்பது
எங்கிருந்து தொடங்கினாய் என்பதில்.
இருபத்துநான்கிலும் விளக்கு. இருபத்திரண்டரையிலும்.

தராசைச் சுண்டிவிட ஆள் இல்லை.
அந்த மேட்டை இறக்க
என் பெட்டியில் சாவி இல்லை.
அறிக்கையில் அதற்கொரு கட்டமும் இல்லை,
தேடிப் பார்த்தேன்.

விடியப்புறம் இரண்டு மணிக்கு மோட்டரை நிறுத்துகிறார்கள்.
குற்றி தாவி, தாவி, தயங்கி
ஏதோ ஒரு பக்கம் ஒட்டிக்கொள்கிறது.
எந்தப் பக்கம் என்று
என் சமன்பாட்டாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது,
தொடக்கத்தில் மயிரிழை மாறினாலே
முடிவில் பக்கம் மாறிவிடும்.
யோகராசா பந்தயம் கட்டுகிறார், ஒரு பிளேன்டீ.
ஐந்து இரவும் வலம் என்றே சொன்னார்.
நான் யோசித்து யோசித்துச் சொன்னேன்.
அவருக்கு நாலு பிளேன்டீ கடன்பட்டிருக்கிறேன்.